கொல்லிமலைக்கு ஏறிய கார்க் கதவு

“ஒரு சாமானைக் கையில குடுத்தா இந்தப் புள்ள பத்தரமா வெச்சிருக்குமாடா? சர்க்கார் சாமான்டா அது, நம்மூட்டு அருவா இல்ல.”

நான் வேலையில் சேர்ந்த அன்று காலையில் என் பெரியப்பா அப்பாவிடம் கேட்ட கேள்வி இது. நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதுபோல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. இப்போது யோசித்துப் பார்த்தால் அந்தக் கேள்வியில் குற்றம் ஒன்றும் இல்லை. எட்டாவது மாதத்தில் நான் சர்க்கார் காரின் சாவியைத் தொலைத்தேன்.

ஆபீஸ் வேலைக்குப் போக ஆசைப்படும் மேல்வகுப்புப் பெண்களுக்காக என் உத்தியோக அனுபவத்தை எழுதித் தரும்படி நான் படித்த பள்ளியின் தலைமை ஆசிரியை கேட்டார். “இதெல்லாம் ஓய்வு பெற்றவர்கள் எழுதுவதல்லவா?” என்றேன். “நீயும் ஓய்வு பெற்றவள்தானே” என்றார். உண்மைதான். எனக்கு இருபத்து நான்கு வயது. யுத்தத்துக்காகத் திறந்த ஆபீஸ் யுத்தத்தோடு மூடிக்கொண்டது. மாலை போட்டார்கள், ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள், அனுப்பிவிட்டார்கள். ஆகவே எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் எழுத்துப் படித்ததில்லை. மலையடிவாரத்தில் சொந்தக் காட்டை உழுது பிழைப்பவர்கள். பத்திரம் என்றால் பெருவிரலில் மை தடவிக் கொள்வார்கள். நான் பள்ளி இறுதி வகுப்பு முடித்து, சேலத்தில் ஆறு மாதம் டைப்ரைட்டிங் கற்றேன். கையைப் பார்க்காமல் அடிக்கத் தெரிந்ததும் அனுப்பிவிட்டார்கள். சேந்தமங்கலத்தில் யுத்த காலத் தானியக் கொள்முதல் ஆபீஸில் தற்காலிகக் குமாஸ்தா வேலை கிடைத்தது. முதல் நாள் வருகைப் பதிவேட்டில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மை காயும்வரை பதிவேட்டை மூடவிடவில்லை. எங்கள் வம்சத்தின் முதல் கையெழுத்து அது.

எங்கள் ஸ்பெஷல் ஆபீசர் வேதமூர்த்தியைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும். மெலிந்த மனிதர். கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு. அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. ‘முடியாது’ என்றும் சொல்ல மாட்டார். எழுதிக்கொண்டிருக்கும் பேனாவின் மூடியை எடுத்து, அதைத் திருகி மூடி, மேசைமேல் வைப்பார். முடியாது என்று அர்த்தம். மூடாமல் வைத்தால் இன்னும் வழி இருக்கிறது என்று அர்த்தம். மேலிடத்து உத்தரவு எது வந்தாலும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுதான் படிப்பார். ஒருமுறை உத்தரவு பதினோரு பக்கம் இருந்தது. பதினோரு பக்கமும் நின்றார். “இருப்பதற்கு ஒரு காகிதம் போதும் அம்மா. இல்லாததற்குத்தான் இரண்டு வேண்டும்” என்று அடிக்கடி சொல்வார்.

அவருக்கு ஒரு கார் உண்டு. பெட்ரோல் தட்டுப்பாடு. அதனால் பின்னால் ஒரு பெரிய இரும்பு உருளையைப் பொருத்தி, அதில் அடுப்புக்கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகையில் ஓட்டினார்கள். கிளம்புவதற்கு அரை மணி நேரம் விசிற வேண்டும். டிரைவர் மாரப்பன் நாற்பது வயதுக்காரர். எங்கள் பக்கத்து ஆள். “காரு இல்லீங்க அம்மிணி இது, இட்லிப் பானை” என்பார். ஆனால் கிளப்பவும் கதவைத் திறக்கவும் ஒரே ஒரு சாவிதான். அந்தச் சாவிக்கு ஒரு பதிவேடு. ஆபீசர் காரைவிட்டு இறங்கினால் சாவியைக் குமாஸ்தா ஒருவர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். முன்பு எந்த ஊரிலோ எந்த டிரைவரோ சர்க்கார் காரில் பெண் அழைப்புக்குப் போய்விட்டானாம். அதனால் வந்த விதி.

கொல்லிமலைக்குக் கார் போகும் பாதை கிடையாது. அடிவாரத்தில் காரவள்ளியில் காரை நிறுத்திவிட்டு நடந்துதான் ஏற வேண்டும். மலைமேல் இருக்கும் அரியூர் நாட்டு ஊர்களில் ராகியும் சாமையும் எவ்வளவு இருக்கிறதென்று பார்க்க ஆபீசர் கிளம்பினார். பதிவேடுகளோடு நானும் போனேன். காரைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுக்கும்போது மாரப்பன் தன் இடுப்பிலிருந்து ஒரு கயிற்றை எடுத்து நீட்டினார்.

“இதுல கோத்துக் கழுத்துல போட்டுக்குங்க அம்மிணி. இல்லீன்னா முந்தியில முடிஞ்சுக்குங்க.”

முந்தியில் முடிவது என் அம்மா செய்வது. கழுத்தில் கட்டுவது என் அத்தை செய்வது. நான் படித்தவள். சாவியை ஓர் உறைக்குள் போட்டு, உறைமேல் ‘கார்ச் சாவி – ஒன்று’ என்று எழுதி, பதிவேட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

மலைமேல் ஒவ்வொரு ஊரிலும் அந்தப் பதிவேட்டைத் திறந்தேன், எழுதினேன், மூடினேன். சாயங்காலம் காரவள்ளிக்கு இறங்கி உறையை எடுத்தால் உறை இருந்தது. எழுத்தும் அழகாக இருந்தது. அடிப்பக்கம் ஒட்டு விட்டிருந்தது.

ஆபீசரின் மேல்துண்டும் சாப்பாட்டுக் கேரியரும் ஆபீஸ் முத்திரையும் பூட்டிய காருக்குள் கண்ணாடி வழியாகத் தெரிந்தன. வாடகை மாட்டுவண்டி பிடித்துத் திரும்பினோம். மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டு விதிப் புத்தகத்தை விரித்து, நின்றுகொண்டே படித்தார். சர்க்கார் பொருளைத் தொலைத்த தற்காலிக ஊழியருக்கு விசாரணை இல்லை. ஜில்லா ஆபீஸிலிருந்து மேலதிகாரி பரிசோதனைக்கு வருவதற்குள் பொருள் வந்தால் வேலை இருக்கும். வராவிட்டால் வீட்டுக்குப் போகலாம். பரிசோதனைக்கு இருபத்தொரு நாள் இருந்தது.

“வேறு சாவி வாங்கிவிட்டால்?” என்று கேட்டேன்.

பேனாவை மூடாமல் மேசைமேல் வைத்தார்.

கார்க் கம்பெனிக்குச் சேலத்தில் ஓர் ஏஜென்ட் கடை உண்டு. அன்றே கடிதம் அடித்தேன். ஐந்தாம் நாள் பதில் வந்தது: சாவியின் மேல் பொறித்திருக்கும் எண்ணைத் தெரிவிக்கவும். சாவி தொலைந்துவிட்டது என்று எழுதினேன். பதில்: அப்படியானால் காரின் புத்தகத்தில் அந்த எண் இருக்கும், பார்த்துத் தெரிவிக்கவும். புத்தகம் காருக்குள் இருக்கிறது, கார் பூட்டியிருக்கிறது என்று எழுதினேன். பதில்: காரைத் திறக்கத் தங்களுக்குச் சாவி தேவைப்படும், எண்ணைத் தெரிவித்தால் அனுப்பிவைக்கிறோம்.

கண்ணாடியை உடைக்கலாமா என்று ஆபீசரைக் கேட்டேன். பேனாவை எடுத்து மூடினார்.

பன்னிரண்டு நாள் போய்விட்டது. எங்கள் வீட்டில் நான் ஒன்றும் சொல்லவில்லை. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது இன்னும் எத்தனை கையெழுத்து மிச்சம் என்று எண்ணிக்கொண்டே போட்டேன்.

அந்த வாரச் சந்தையில் மிளகு விற்க வந்த மலைக்காரர் ஒருவரிடம் மாரப்பன் பேச்சுக் கொடுத்திருக்கிறார். அரியூர் நாட்டில் அவருடைய ஊரில் ஒரு பெண் வழியில் கிடந்த சாவியைக் கண்டெடுத்தாளாம். அது கருப்பனார் கோயில் வேலில் தொங்குகிறதாம். மறுநாள் விடியும்போதே மாரப்பனும் நானும் மலை ஏறினோம்.

வேல் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் இருந்தது. அதன் கழுத்தில் என் சாவி. நாள்தோறும் சந்தனமும் மஞ்சளும் அப்பி அது ஒரு சிறு கிழங்குபோல் ஆகியிருந்தது. ஊர்க்கவுண்டர் வயலிலிருந்து சேற்றுக் காலோடு வந்தார். வயதானவர், ஆனால் கண் கூர்மையானது.

“அது எங்களுதுங்க” என்றேன்.

“அப்படித்தானுங்க எல்லாரும் சொல்றாங்க, கண்ணு” என்றார். “இதுவரைக்கும் மூணு பேரு வந்துட்டுப் போயிட்டாங்க. எங்கூர்ல ஒரு மொறை இருக்குது. வழியில கெடந்த சாவி கருப்பனாருக்குப் போயிரும். சொந்தக்காரன் பூட்டைக் கொண்டாந்து சாமி முன்னால தொறந்து காட்டோணும். மூணு பேரும் பூட்டோட வந்தாங்க. ஒண்ணுலயும் சேரல. எறங்கிப் போயிட்டாங்க.”

“இது கார்ச் சாவிங்க. காரு மலையேறாதுங்க.”

“சாவி ஏறிச்சில்ல?”

“அதை நான் கொண்டாந்தேனுங்க.”

“அதையே கொண்டாந்தியே, பூட்டையும் கொண்டா சாமி.”

மாரப்பன் குறுக்கே வந்தார். “ஏனுங்க கவுண்டரே, காருன்னா பத்து ஆளு தூக்கினாலும் தூக்க முடியாதுங்க. நாலு பேரு உள்ளார ஒக்காருவாங்க.”

“நாலு பேரு ஒக்கார்ற பொட்டிக்கு இத்துனூண்டு சாவியா?” என்று கவுண்டர் என்னைப் பார்த்தார். எங்கள் உரிமையில் அவருக்கு அப்போதுதான் உண்மையான சந்தேகம் வந்தது.

நான் ஆபீஸுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். ஆபீசர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

“பூட்டைக் காட்டினால்தான் சாவி. எவ்வளவு சரியான விதி! நம் இலாகாவில் ஏன் இல்லை?” என்றார். பிறகு மாரப்பனைக் கூப்பிட்டார். “பூட்டு எதில் இருக்கிறது?”

“கதவுலங்க.”

“கதவு எதில் இருக்கிறது?”

“காருலங்க.”

“கீல் வெளிப்பக்கம்தானே?”

அது பழைய மாதிரிக் கார். கீல்கள் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். ஆணிகளைத் தட்டி எடுத்தால் பூட்டு பூட்டியபடியே இருக்க, கதவு மட்டும் தனியாக வந்துவிடும். அப்படியே செய்தோம். தட்டி எடுப்பதற்கு முன் ஆபீசர் ‘கதவு – ஒன்று, தற்காலிகமாக அகற்றப்பட்டது’ என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். காவலுக்கு ஓர் ஆளைக் காரருகே நிறுத்திவிட்டு, கதவை மூங்கிலில் கட்டி, இரண்டு ஆட்கள் தோளில் வைத்து மலை ஏறினார்கள். பின்னால் ஆபீசர். அவருக்குப் பின்னால் பதிவேட்டோடு நான். பரிசோதனைக்கு இன்னும் ஐந்து நாள்.

பாதையில் மரவள்ளிக் கிழங்கு மூட்டையோடு இறங்கி வந்த ஒருவர் ஒதுங்கி நின்று பார்த்தார்.

“என்னங்க அது?”

“கதவுங்க” என்றார் மாரப்பன்.

“ஊடு?”

“கீழ நிக்குதுங்க.”

அந்த மனிதர் தலையாட்டிவிட்டு நடந்தார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி ஒருமுறை பார்த்தார்.

பாதி மலையில் ஆட்கள் தோள் மாற்றுவதற்காகக் கதவை ஒரு பாறைமேல் சாய்த்தார்கள். மாரப்பன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக என் பக்கம் குனிந்தார்.

“அம்மிணி, கதவு இங்க இருக்குதுங்க.”

“ஆமா.”

“அப்ப கீழ காரு தொறந்துதானுங்களே கெடக்குது?”

காரின் புத்தகம் உள்ளே இருந்தது. எண் அதில் இருந்தது. இத்தனை நாளாக நான் பாடுபட்டது அந்த எண்ணுக்காகத்தான். நாங்கள் எல்லோரும் அந்தத் திறந்த காரைத் தாண்டி, கதவைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறோம். ஆபீசரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பள்ளத்தாக்கைப் பார்த்தார்.

“கார் திறக்கப்படவில்லை. கதவு அகற்றப்பட்டிருக்கிறது. இரண்டும் வேறு வேறு” என்றார். பிறகு இன்னும் மெதுவாக, “திரும்பும்போது புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள்” என்றார்.

எண் கிடைத்தாலும் கடிதம் போய்ச் சாவி வரப் பத்து நாளாவது ஆகும். ஐந்து நாளில் வேலையைக் காப்பாற்ற வேல்மேல் இருக்கும் சாவிதான் வழி. மேலே ஏறினோம்.

கோயில் முன்னால் ஊரே கூடியிருந்தது. இரண்டு ஆட்கள் கதவை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார்கள். பொட்டல் வெளியில் ஒரு கதவு மட்டும் நின்றது. ஊர்க்கவுண்டர் அதைத் தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், கரி வாசனை என்றார். கருப்பனாரிடம் உத்தரவு கேட்டு ஏணி வைத்துச் சாவியை இறக்கினார்கள். கவுண்டர் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“சொல்லு கண்ணு. உள்ள என்ன இருக்குது?”

“எதுக்குள்ளங்க?”

“பூட்டுக்குள்ள. என்ன இருக்குதுன்னு மொதல்ல சொல்லிப்போட்டுத்தான் தொறக்கோணும். சொன்னதும் இருந்ததும் ஒண்ணா இருந்தாத்தான் சாவி உனக்கு. யாரோட பூட்டையாச்சும் தூக்கிட்டு வந்துரக் கூடாதில்ல?”

“இதை நீங்க அன்னைக்குச் சொல்லலீங்களே!”

“பூட்டுன்னா உள்ள ஏதாச்சும் இருக்கும்னு தெரியாதவங்களும் உண்டா?”

நான் ஆபீசரைப் பார்த்தேன். அவர் ரசித்துக்கொண்டிருந்தார். “உள்ளடக்கப் பட்டியல்” என்றார், கோயிலைப் பார்த்துக் கும்பிடுவதுபோல. “எழுதுங்கள் அம்மா.”

கார் கீழே இருக்கிறது. கதவுக்குப் பின்னால் காற்றுதான். ‘ஒன்றுமில்லை’ என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது கதவின் அந்தப் பக்கம் கண்ணில் பட்டது. துணி ஒட்டிய பக்கம், கண்ணாடி இறக்கும் கைப்பிடி இருக்கிற பக்கம். அதுதான் உள்பக்கம். அந்தப் பக்கத்தில் ஊர்க்கவுண்டரும் பாதி ஊரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

“உள்ள நீங்கதானுங்க இருக்கீங்க” என்றேன்.

“நானா?”

“துணி ஒட்டியிருக்குது பாருங்க. அது உள்பக்கமுங்க. நீங்க நிக்கிறது உள்ளாரங்க.”

“உன்ற பூட்டுக்குள்ள நான் எப்ப வந்தேன்?” என்றார் கவுண்டர். அவர் குரலில் கோபம். பிறகு கதவைச் சுற்றி வந்து வெளிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். மறுபடி உள்ளே போய்த் துணியைத் தடவினார். இரண்டு முறை போய் வந்தார். “அப்ப வெளிய யாரு?”

“நாங்கதானுங்க. ஆபீசரும் நானும் டிரைவரும்.”

“நாங்க உள்ள, சர்க்காரு வெளிய?”

“ஆமாங்க.”

“அப்ப தொறக்கறதா வேண்டாமான்னு நாங்கதானே சொல்லோணும்!”

ஊர் முழுவதும் சிரித்தது. கவுண்டர் ரொம்ப நேரம் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் எங்களோடு சண்டை போடவில்லை; ஆனால் முறையையும் விடவில்லை. “எழுது. ஒவ்வொருத்தரு பேரும் எழுது” என்றார்.

எழுதினேன். ஒருவர் பெயரை எழுதி முடிப்பதற்குள் அவர் என் எழுத்தைப் பார்க்கக் கதவைச் சுற்றி வெளியே வந்துவிடுவார். ஆபீசர், “அவரை அடித்துவிடுங்கள், வெளியேறிவிட்டார்” என்பார். அவர் திரும்ப உள்ளே போவார். மறுபடி எழுதுவேன். கடைசியில் கவுண்டர் “எவனும் அசையாதீங்கடா” என்று கத்தினார். பதினான்கு பேர், ஒரு வெள்ளாடு. உரக்கப் படித்தேன். ஒவ்வொருவரும் ‘இருக்கறேனுங்க’ என்றார்கள். ஆட்டுக்கு அதன் சொந்தக்காரி சொன்னாள்.

“கொழந்தைய உட்டுட்டே!” என்று ஒரு குரல் வந்தது.

சாவியைக் கண்டெடுத்த பெண் காளியம்மாதான் அது. அவளுடைய மருமகள் இடுப்பில் ஒரு கைக்குழந்தை. பட்டியல் தப்பு. “பேரு என்னங்க?” என்றேன்.

“இன்னும் வெக்கல.”

ஆபீசர் ஓர் அடி முன்னால் வந்தார். “பெயரில்லாததைப் பட்டியலில் சேர்க்க இயலாது.”

கவுண்டர் அவரை முதல்முறையாக மரியாதையோடு பார்த்தார். “வாஸ்தவமுங்க. பேரு வெக்காத கொழந்தைய நாங்களும் ஊர்க் கணக்குல சேக்கறதில்லீங்க.”

அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள். கவுண்டர் சாவியைப் பூட்டில் நுழைத்துத் திருப்பினார். இரண்டு வாரச் சந்தனம் இறுகியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினார். டக்கென்று சத்தம் வந்தது. கைப்பிடியை அழுத்தினார், கதவின் நாக்கு உள்ளே போனது. “தொறந்துருச்சு!” என்று ஊர் கூவியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கவுண்டர் சாவியை உருவி என்னிடம் நீட்டினார்.

பாதி நீட்டினார். மீதிப் பாதி பூட்டுக்குள் இருந்தது.

வெள்ளாடு மட்டும் கத்தியது. கவுண்டர் கையிலிருந்த துண்டைப் பார்த்தார். “எங்கையில ஒடைஞ்சு போச்சே, சாமி” என்றார். அந்தக் கிழவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பட்டியலின் அடியில், உடைந்ததைப் பார்த்ததாகப் பதினான்கு பேரும் தாங்களாகவே பெருவிரல் ரேகை வைத்துக் கொடுத்தார்கள். கதவைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம்.

மறுநாள் ஆபீசர் என்முன் ஒரு படிவத்தை வைத்தார். அதில் ‘தொலைந்தது / உடைந்தது – பொருந்தாததை அடிக்கவும்’ என்று இருந்தது.

“தொலைந்தால் ஊழியரின் கவனக்குறைவு. உடைந்தால் தேய்மானம்; யார்மேலும் குற்றமில்லை. உடைந்த துண்டு நம் கையில் இருக்கிறது” என்றார். பேனாவை மூடாமல் படிவத்தின்மேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். கை கழுவுவதற்கு அவர் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

ஒரு கோடு போட்டால் வேலை நிலைக்கும். ‘தொலைந்தது’ என்ற சொல்லின்மேல் பேனாவை வைத்தேன். பக்கத்தில் சாவிப் பதிவேடு திறந்திருந்தது. ‘பெற்றுக்கொண்டேன்’ என்பதன் கீழே என் கையெழுத்து. அதைப் போட்டபோது எனக்கு எவ்வளவு கர்வம்! எழுதத் தெரியாத பதினான்கு பேர் பார்த்ததைப் பார்த்தபடி சொல்லி ரேகை வைத்திருக்கிறார்கள். எழுதத் தெரிந்த நான் பொய்க்குக் கீழே கையெழுத்துப் போடுவதா?

இரண்டையும் அடிக்கவில்லை. ‘என்னால் தொலைந்தது. காளியம்மாளால் கிடைத்தது. பிறகு உடைந்தது. சாட்சிகள் பதினான்கு பேர்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஆபீசர் வந்தார். படிவத்தை எடுத்தார். நாற்காலியில் உட்காராமல், நின்றபடியே படித்தார்.

“இதற்குக் கட்டம் இல்லையே அம்மா” என்றார்.

ஆனாலும் அதை அப்படியே ஜில்லா ஆபீஸுக்கு அனுப்பினார். பரிசோதனைக்கு வந்த மேலதிகாரியின் முன்னால் எங்கள் கார் இரண்டு மாடுகள் இழுக்க, மாரப்பன் சக்கரத்தைத் திருப்ப, கம்பீரமாக வந்து நின்றது. அவர் என்னைப் பற்றிக் கேட்டார். விஷயம் மேலிடத்தின் ஆலோசனையில் இருக்கிறது என்றார் ஆபீசர். ஆலோசனையில் இருக்கும் ஊழியரை யாரும் நீக்க முடியாது. இரண்டு மாதம் கழித்து மேலிடம் கேட்டது: தொலைந்ததா, உடைந்ததா? ஆபீசர் பதில் எழுதினார்: ஆம். இன்னும் மூன்று மாதம் கழித்து: எது முதலில்? பதில்: இணைப்பைக் காண்க. இணைப்பில் இருந்த ஆட்டைப் பற்றி ஒரு கேள்வி வந்தது. இப்படியே யுத்தம் முடிந்தது. என் வேலையும் அதுவரை நிலைத்தது. ஆபீஸ் மூடியபோது எல்லோரையும் விடுவித்தார்கள். கோப்பு முடியாததால் என்னை மட்டும் விடுவிக்க முடியவில்லை. காலி அறையில் ஒரு மாதம் தனியாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். பிறகு ‘இரண்டில் எதுவென்று தீர்மானிக்க இயலாமையால் மேல் நடவடிக்கை தேவையில்லை’ என்று உத்தரவு வந்தது. வேதமூர்த்தி தம் ஊரிலிருந்து வந்து, நின்று படித்துக் காட்டி, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் கொடுத்தார்.

புதுச் சாவி மட்டும் வரவில்லை. புத்தகத்தில் பார்த்து எண்ணை எழுதி அனுப்பியிருந்தேன். கப்பல் வரவில்லை என்று சேலம் ஏஜென்ட் பதில் எழுதினார். நான் மாதத்துக்கு ஒரு நினைவூட்டல் அனுப்பினேன். கார் ஏலம் போய், சேந்தமங்கலத்து பஸ் முதலாளி ஒருவரின் கொட்டகையில் நிற்கிறது. அதில் கோழிகள் அடைகின்றன.

வேலை போனதும் நான் சேலத்துக்குப் போய் அந்த ஏஜென்ட் கடையில் நின்றேன். முதலாளி என் பெயரைக் கேட்டதும் எழுந்துவிட்டார். “நீங்கதானா அது? உங்க லெட்டருக்குப் பதில் எழுதி எழுதி ரெண்டு குமாஸ்தா நின்னுட்டாங்கம்மா. மூணாவது ஆளுக்குத் தேடிட்டிருக்கேன்.”

“நான் அதுக்குத்தானுங்க வந்தேன்” என்றேன்.

போன திங்கட்கிழமை சேர்ந்தேன். பதில் போடாத கடிதங்கள் ஒரு தட்டில் இருந்தன. மேலே இருந்தது என் கடைசி நினைவூட்டல். அதன் கீழே, முந்தின வாரம் மதராஸிலிருந்து வந்து, யாரும் பிரிக்காத ஒரு சிறு பொட்டலம். பிரித்தேன். எண்ணைச் சரிபார்த்தேன். இயந்திரத்தில் காகிதத்தைச் செருகி, ‘தங்கள் கடிதம் கிடைத்தது, கோரிய சாவி – ஒன்று, இத்துடன் அனுப்பப்படுகிறது, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பவும்’ என்று எனக்கே பதில் அடித்தேன். வாங்கியவளாகவும் கையெழுத்துப் போட்டேன். பிறகு சாவியைக் கெட்டிக் கயிற்றில் கோத்து, துணியில் தைத்து, பஸ் முதலாளியின் பெயருக்குப் பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டேன்.